சும்மா இருக்கிற நேரத்து வேலை

தையல் டீச்சராக 33 வருஷம் வேலை பார்த்தேன். அத்தனை வருஷத்திலும் என் காதில் அதிகம் விழுந்த சொல் ‘சும்மா’. “டீச்சர், உங்க பீரியட் சும்மாதான இருக்கு, கணக்கு டெஸ்ட் வச்சுக்கிடட்டுமா?” என்று கணக்கு சார் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். “வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல தலகாணி உறைக்கு ரெண்டு பூப் போட்டுக் குடுங்களேன்” என்று பக்கத்து வீட்டு மைனி கேட்பார்கள். பிள்ளையைத் தையல் படிக்கக் கொண்டுவந்து விடுகிற அம்மாவும், “சும்மா இருக்கதுக்கு ஏதாவது கத்துக்கிடட்டும் டீச்சர்” என்றுதான் சொல்வார்கள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லால் ஊசி பிடித்த பெண்களுக்கு எவ்வளவு கூலி போயிருக்கும் என்று ஓய்வுபெற்ற பிறகு அடிக்கடி யோசிக்கிறேன். அதைத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.

என் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலத்துத் தையல் பீரியட் நினைவிருக்கும். 1960களில் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டால் பெண்பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு பீரியட் தையல். பையன்களுக்கு அந்த நேரத்தில் தோட்ட வேலை. ஒரு பழைய டப்பாவில் ஊசி, சின்னக் கத்தரி, காடாத்துணி, இரண்டு நூல் கண்டு கொண்டு போவோம். ஆங்கர் நூல் ஒரு கண்டில் ஆறு இழை சேர்ந்திருக்கும். அதில் இரண்டு இழையைச் சிக்கில்லாமல் பிரித்து எடுப்பதே முதல் பாடம். ஒரு கண்டை வாங்கி இரண்டு பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு.

முதலில் ஓடு தையல். அப்புறம் பின் தையல், விளிம்புத் தையல், காஜா. இதெல்லாம் ஒழுங்காக வந்தால்தான் பூத்தையலுக்கு விடுவார்கள். சங்கிலித் தையல், காம்புத் தையல், இலைக்குச் சாட்டின், சின்னப் பூவுக்கு லேசி டெய்சி, பூ நடுவுக்குப் பிரெஞ்சு முடிச்சு. ஒவ்வொன்றையும் துண்டுத் துணியில் போட்டு நோட்டில் ஒட்டி, கீழே பெயர் எழுதி டீச்சரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். டீச்சர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார்கள். துணியைத் திருப்பிப் பின்பக்கம்தான் பார்ப்பார்கள். முடிச்சு துருத்திக்கொண்டிருந்தால், நூல் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாவியிருந்தால், “பிரி” என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

பிறகு தலையணை உறை வந்தது. இரண்டு கிளிகள் மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டிருக்கும், கீழே ‘குட் நைட்’ என்று ஆங்கில எழுத்து. குட் நைட் என்று யாருமே சொல்லாத வீடுகளில்கூட அந்தத் தலையணை உறை இருந்தது. மேட்டித் துணியில் கட்டம் எண்ணிப் போட்ட ரோஜா, கண்ணாடிச் சட்டம் போட்ட ‘வெல்கம்’, ரேடியோவுக்கு மூடுதுணி. பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பஜ்ஜி சொஜ்ஜியோடு இவற்றையும் எடுத்துக் காட்டுவார்கள். “கைவேலை தெரியும்” என்பது ஒரு தகுதி. அதற்கு ஒரு விலை உண்டு என்று மட்டும் யாரும் நினைத்ததில்லை.

பள்ளி முடித்த பிறகு நான் நீடில் ஒர்க் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தேன். டைப்ரைட்டிங்குக்கு இருப்பது போலவே தையலுக்கும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு உண்டு என்பது இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. அதற்கு மேல் ஆசிரியர் பயிற்சியும் முடித்துத்தான் வேலைக்கு வந்தேன். அந்த ஹையர் தேர்வுக்காகத் தயார் செய்தபோதுதான் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்தத் துணியைப் பார்த்தாலும் இது எத்தனை மணி நேரத்து வேலை என்று மனசுக்குள் கணக்குப் போடுவேன். அந்தப் பழக்கம் இன்று வரை விடவில்லை.

கைவேலையை ரசிப்பது என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நிறம் நன்றாக இருக்கிறது, மினுமினுப்பாக இருக்கிறது என்று எல்லோராலும் சொல்ல முடியும். ஒரு பிரெஞ்சு முடிச்சுக்கு ஊசியில் நூலை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும், நூலை இடது கையால் எப்படி இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று ஒருமுறை செய்து பார்த்தவளுக்குத்தான், ஒரு தாழம்பூ முழுவதையும் முடிச்சாகவே நிரப்பியவள் எவ்வளவு நேரம் குனிந்திருப்பாள் என்று தெரியும்.

நம் ஊரிலேயே பாருங்கள். ஆதிநாதர் கோயிலில் அரையர் சேவை நடக்கும்போது அரையர் தலையில் உயரமாக, கூம்பாக ஒரு குல்லாய் இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? ஸ்ரீரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரையர் சேவைக்கு அதே மாதிரிக் குல்லாய்தான். பாசுரத்தையும் அபிநயத்தையும் தாளத்தையும் ரசிக்கிற நாம், அந்தக் குல்லாய் ஒருவருடைய ஊசி வேலை என்பதை நினைப்பதில்லை. வைகாசியில் ஒன்பது பெருமாளும் கருட சேவைக்கு வந்து நிற்கும்போது கூட்டம் அலங்காரத்தையும் நகையையும் பார்க்கும். என் கண் குடைக்கும் தொங்கலுக்கும் போய்விடும். தேரில் தொங்கும் தொம்பையும் அப்படித்தான். ஒரு நிறத் துணியின் மேல் இன்னொரு நிறத் துணியை வெட்டி வைத்து விளிம்பு விளிம்பாகத் தைத்த ஒட்டுத்துணி வேலை அது. செய்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. கோயிலுக்குக் கொடுத்த உபயதாரர் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்.

நம் பக்கத்தில் இந்த வேலைக்கு ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. அது லேஸ் கதை. தலையணை போன்ற ஒரு திண்டு, அதன் மேல் புள்ளி குத்திய காகிதம், புள்ளிக்குப் புள்ளி குண்டூசி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள். அந்தக் கட்டைகளை ஜோடி ஜோடியாகக் குறுக்கே மாற்றியும் முறுக்கியும் பின்னிக்கொண்டே போக வேண்டும். ஊசியும் கிடையாது, துணியும் கிடையாது. நூலும் காற்றும்தான். விரல் அளவு அகலத்தில் ஒரு முழம் பின்னுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

லண்டன் மிஷன் சார்பில் சார்லஸ் மால்ட் ஐயரும் அவர் மனைவி மார்த்தாவும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம். அது சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாற்றில் வருகிறது. இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. ஒரு முழம் லேஸுக்கு உண்மையான விலை கிடைத்ததால் ஒரு பெண்ணுக்கு என்ன கிடைத்தது பாருங்கள்.

மால்ட் தம்பதியின் மகள்தான் எலைசா. 1822இல் நாகர்கோவிலில் பிறந்தவர். தமிழ் அவருக்கு வீட்டு வாசலில் கேட்டு வளர்ந்த மொழி. 1844இல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு திசையன்விளைப் பக்கத்து இடையன்குடிக்கு வந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தேரிக்காட்டில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, அம்மாவிடம் கற்ற லேஸை அவர்களுக்கும் கற்றுக்கொடுத்த எலைசாவைத் தெரிந்தவர்கள் குறைவு. கால்டுவெல் வாழ்ந்த வீட்டை அரசு இப்போது நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. அவர் கட்டிய கோயிலுக்குள்ளேயே இருவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் அந்த அம்மாளுக்கும் ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள்.

லேஸோடு ரவிக்கைக் கதையையும் சொல்ல வேண்டும். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் மற்ற பல சாதிப் பெண்களும் மார்பை மறைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. மிஷனைச் சேர்ந்த மீட் ஐயரின் மனைவி, கிறிஸ்தவப் பெண்கள் போட்டுக்கொள்ளத் தொளதொளவென்று, குட்டைக் கையோடு ஒரு சட்டையை வடிவமைத்தார். அதைக் குப்பாயம் என்றார்கள். அதைப் போட்டதற்காகப் பெண்கள் தெருவில் அடிபட்டார்கள், சட்டை கிழிக்கப்பட்டது. 1822இல் தொடங்கிய கலகம் விட்டு விட்டு நடந்து, 1859இல்தான் மகாராஜா அறிவிப்பு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. இன்றைக்கு ஃபேஷன் டிசைன் என்றால் மேடையில் பூனை நடை நடப்பது என்று நினைக்கிறோம். நம் தென்கோடியில் ஒரு சட்டையின் வெட்டும் கையின் நீளமும் மானப் பிரச்சினையாக இருந்திருக்கின்றன. தையலைச் சின்ன வேலை என்று சொல்லுகிறவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

லேஸ் போன இடத்திலெல்லாம் பெண்களுக்கு நியாயம் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நரசாபுரம் என்று ஓர் ஊர். அங்கேயும் 19ஆம் நூற்றாண்டில் மிஷன்காரர்கள் லேஸைக் கொண்டுவந்தார்கள். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா லேஸ். ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தபடி பின்ன, சரக்கு வெளிநாட்டுக்குப் போனது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அந்த ஊரில் தங்கிப் பார்த்து 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டது இதுதான். பெண்கள் வீட்டு வேலை அத்தனையும் செய்துவிட்டு அதற்கு மேல் மணிக்கணக்கில் பின்னினார்கள். ஆனால் அவர்களைத் தொழிலாளி என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. “வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்” என்றே சொன்னார்கள். அப்படிச் சொன்னதால் கூலி அடிமட்டத்திலேயே நின்றது. வியாபாரமும் லாபமும் ஆண்கள் கைக்குப் போயின.

ஓய்வு நேரம் என்று அங்கே சொன்னதும் சும்மா இருக்கிற நேரம் என்று இங்கே சொல்லுகிறதும் ஒன்றுதான். நரசாபுரம் லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் நீலகிரித் தோடர்களின் பூத்தையலுக்கு 2013இலேயே கிடைத்துவிட்டது. வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக, படம் வரையாமல் இழையை எண்ணி எண்ணியே போடுகிற வேலை அது. ஊர்ப் பெயருக்குப் பட்டம் கிடைப்பது நல்லதுதான். ஊசி பிடிக்கிற கைக்கும் மணிக்கூலி கிடைத்தால்தான் அடுத்த தலைமுறை அதைப் பிடிக்கும். தருமபுரிப் பக்கம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள், ஏறக்குறைய மறந்தேபோயிருந்த தங்கள் பூத்தையலை ஊர்ப் பாட்டிகளிடமிருந்து திரும்பக் கற்று, ‘பொர்கை’ என்று சங்கம் வைத்து நடத்துகிறார்கள். அவர்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று அர்த்தமாம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

இப்போது கல்யாணம் என்றால் ஆரி ஒர்க் பிளவுஸ் இல்லாமல் இல்லை. என்னிடம் படித்த பெண் ஒருத்தி ஆரி போடுகிறாள். பெயர் வேண்டாம். தூத்துக்குடியில் கிளாஸுக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். வீட்டுத் திண்ணையை ஒட்டிய சின்ன அறையில் கட்டைச் சட்டம். துணியை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, புள்ளி குத்திய டிரேசிங் தாளை மேலே வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்து டிசைனைப் பதிப்பாள். பிறகு வலது கையில் கொக்கி ஊசி. இடது கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்திருக்கும். ஊசி கீழே போய் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்து வரும். மேலே பார்த்தால் சங்கிலி, கீழே பார்த்தால் நேர்கோடு. அதற்கு மேல் சம்கி, சுகர் பீட்ஸ், குந்தன் கல், ஜர்தோசிச் சுருள், முத்து. முத்துக்குளிப்புக்குப் பெயர்போன கடற்கரை நம்முடையது. இந்த ரவிக்கைகளில் ஏறுகிற முத்து என்னவோ பாக்கெட்டில் வருகிற பிளாஸ்டிக்.

போன தை மாதம் நான் அவள் வீட்டில் இருந்தபோது ஒரு அம்மாவும் மகளும் பிளவுஸ் வாங்க வந்தார்கள். இரண்டு கையும் பின்கழுத்தும் நிறைய வேலை. 4,500 ரூபாய் என்றாள். அந்த அம்மா 2,500 என்று ஆரம்பித்தார்கள்.

“ஏம்மா, கடை வச்சு வாடகையா குடுக்கே? வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல போடுததுதான?”

அவள் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். அவள் சும்மா இருக்கிற நேரம் எது என்று எனக்குத் தெரியும். விடிகாலை தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மாமியாரைப் பார்த்து, சாயங்காலம் மறுபடி சமைத்து, பிள்ளைகள் தூங்கின பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சட்டத்தில் உட்காருவாள். அது தூங்க வேண்டிய நேரம். கண்ணும் கழுத்தும் அதற்குத் தனியாகக் கூலி கேட்கின்றன.

நான் அந்த அம்மாவிடம் சண்டை போடவில்லை. “இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, உக்காந்து ஒரு அங்குலம் போட்டுப் பாருங்களேன்” என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டு மறுத்தார்கள். கல்யாணப் பெண் ஆசையாக உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு பழைய துணியைச் சட்டத்தில் போட்டுக் கொடுத்தோம். முதல் தடவை ஊசி துணியிலேயே மாட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை நூல் பிரிந்தது. பத்து நிமிஷம் கழித்து எழுந்தபோது கோணல்மாணலாக அரை அங்குலம் வந்திருந்தது. அந்தப் பெண் தன் அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கடைசியில் 3,800க்கு முடிந்தது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. அவர்கள் போன பிறகு நாங்கள் இருவரும் ஒரு தாளில் கணக்குப் போட்டோம். கல், மணி, நூல், லைனிங் எல்லாம் 1,100. வேலை ஆறு ராத்திரி, ஐந்து ஐந்து மணி நேரம், ஆக 30 மணி. 3,800இல் பொருள் போக 2,700. மணிக்கு 90 ரூபாய். அந்த அம்மா முதலில் கேட்ட 2,500க்கு ஒத்துக்கொண்டிருந்தால் மணிக்கு 47 ரூபாய்கூடத் தேறாது. அதே கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவரிடமும் சமையல்காரரிடமும் பேரம் பேசியிருப்பார்கள். “நீங்க சும்மா இருக்கிற நேரத்துலதான போடுதீங்க” என்று மட்டும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து அவள் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். உட்காரும்போது ஒரு மணி, எழுந்திருக்கும்போது ஒரு மணி எழுதுகிறாள். பில்லில் பொருள் இவ்வளவு, வேலை நேரம் இவ்வளவு என்று இரண்டு வரி தனித்தனியாக வருகிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு. “முப்பது மணி நேரமா?” என்று கேட்டு, மறுபேச்சில்லாமல் கொடுத்தவர்களும் உண்டு. அப்படிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சின்ன வயதில் தையல் பீரியடில் உட்கார்ந்தவர்கள் என்று அவளே சொன்னாள். எனக்கு அதைக் கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி வந்துவிட்டதே, கையால் யார் போடுவார்கள் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். நூறு பள்ளிச் சட்டைக்கு முத்திரை போட மெஷின்தான் சரி. விலையும் குறைவு. ஆனால் மெஷின் வேலையைக் கைவேலை என்று சொல்லி விற்றால் அது ஏமாற்று. வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். என் பழைய டீச்சர் செய்த மாதிரித் துணியைத் திருப்புங்கள். மெஷின் வேலையில் பின்பக்கம் பாபின் நூல் என்று இன்னொரு நூல், பெரும்பாலும் வெள்ளையாக, ஓடியிருக்கும். துணி சுருங்காமல் இருக்க வைத்த தாளும் ஒட்டிக்கொண்டிருக்கும். பூவுக்குப் பூ அச்சடித்த மாதிரி ஒன்றாகவே இருக்கும். கைவேலையில் ஒரு பூ மற்றதைவிட ஒரு இழை பெரிதாக இருந்தே தீரும். லைனிங் வைத்துத் தைத்த பிறகு பின்பக்கம் தெரியாது என்பதால், தைக்கக் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

என் தம்பி பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டு ஃபேஷன் டிசைன் படிக்கப்போகிறேன் என்கிறாள். வீட்டில் ஒரே பேச்சு. “தையக்காரியாகவா போற?” என்று அவள் அப்பா. தையற்காரி ஆனால் என்ன என்பது என் கேள்வி. இந்தியாவுக்கு முதன்முதலில் ஆஸ்கர் பரிசு வாங்கிக் கொடுத்தது நடிகரா, இயக்குநரா? ‘காந்தி’ படத்துக்கு உடை வடிவமைத்த பானு அத்தையா. 1983இல் வாங்கினார். அவ்வளவு தூரம் போவானேன். குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காளி வேஷம், குறவன் வேஷம், ராஜா வேஷம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்களே, அத்தனை உடையையும் யாரோ யோசித்து, அளவெடுத்து, வெட்டி, ஜிகினா வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஆடவும் ஓடவும் வேர்க்கவும் தாங்குகிற உடை. நான் பார்த்தவரையில் அதைவிடக் கஷ்டமான டிசைன் வேலை இல்லை.

அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னது ஒன்றுதான். எந்தக் காலேஜில் வேண்டுமானாலும் சேர். சென்னையில் நிஃப்ட் கிடைத்தால் ரொம்ப சந்தோஷம். ஆனால் கம்ப்யூட்டரில் படம் போடுமுன் என்னிடம் மூன்று மாசம் வந்து உட்கார். பத்துத் தையலைக் கையால் போடு. இல்லாவிட்டால் நாளைக்கு நீ தாளில் ஒரு கோட்டை வளைத்துப் போட்டுவிட்டு, அதைத் துணியில் கொண்டுவர ஒருத்தி எத்தனை மணி நேரம் குனிய வேண்டும் என்று தெரியாமலே அவளுக்கு விலை வைப்பாய். பிள்ளை வருகிறது. சங்கிலித் தையல் தாண்டிவிட்டோம். இழுப்பு கொஞ்சம் அதிகம், துணி சுருங்குகிறது. சரியாகிவிடும். அவள் தம்பியும் கூட வந்து உட்கார்ந்தான். பட்டன் வைக்கவும் ஓடு தையலும் பழகிவிட்டான். பையன்களுக்குத் தோட்ட வேலை, பெண்களுக்குத் தையல் என்று பிரித்து வைத்தது அந்தக் காலம். இரண்டு பேரும் இரண்டும் பழகினால் எதற்கும் ‘சும்மா’ என்ற சொல் வராது.

படிக்கிற உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அம்மாவோ அத்தையோ அக்காவோ போட்ட ஒரு தலையணை உறையோ, மேஜை விரிப்போ, லேஸ் வைத்த பாவாடையோ கட்டாயம் இருக்கும். ஒரு நல்ல நாளாகப் பார்த்து வெளியே எடுங்கள். நேர் வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள். பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்தால் அந்த இடத்தில் நூல் விட்டுவிடும், மடிப்பை மாற்றுங்கள். ஜரிகை இருந்தால் பூச்சி உருண்டை அதன்மேல் படக் கூடாது. கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.

வைக்கும்முன் ஒரு சின்னத் தாளில் மூன்று விவரம் எழுதி உள்ளே போடுங்கள். போட்டது யார், எந்த வருஷம், எத்தனை நாள் வேலை. மூன்றாவது தெரியாவிட்டால் துணியை மடியில் விரித்து ஒரு பூவை மட்டும் உற்றுப் பாருங்கள், கணக்குப் போட்டுவிடலாம். முடியவில்லை என்றால் என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். காலை பதினொரு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், அந்தப் பிள்ளைகள் இரண்டும் ஊசியோடு உட்கார்ந்திருக்கும்.